செகண்ட் ஹேண்ட் பிக்கப்ல வீல் ஸ்பேசர் இருந்தா என்ன பண்ணணும்: மலை ரோட்டுல ஓட்டுறவங்களுக்கு

நம்ம ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் பழைய பிக்கப் வாங்கப் போறவங்க எஞ்சின் சவுண்ட் கேப்பாங்க, சேஸிஸ்ல துரு தட்டிப் பாப்பாங்க, டயர்ல பட்டன் எவ்வளவு இருக்கு, எஃப்சி எப்ப முடியுதுன்னு விசாரிப்பாங்க. சக்கரத்துக்கும் ட்ரம்முக்கும் நடுவுல ஏதாவது தட்டு சொருகி இருக்கான்னு மட்டும் யாரும் குனிஞ்சு பாக்கிறதில்ல. வண்டி வாங்கி கொஞ்ச நாள் ஓட்டி, பஞ்சர் ஆகி வீல கழட்டும்போதுதான் உள்ள வட்டமா ஒரு அலுமினியத் தட்டு கண்ணுல படும். அதுதான் ஸ்பேசர். அத பாத்த உடனே சில பேர் கழட்டி மூலைல தூக்கிப் போட்டுட்டு வீல நேரா மாட்டி ஓட்டிருவாங்க, சில பேர் இத்தன நாள் ஓடிருக்கில்ல, இருந்துட்டுப் போகட்டும்னு விட்ருவாங்க. ரெண்டுமே ஆபத்து. கழட்டுறதுதான் சரி, ஆனா அதுக்கு முன்னாடி அது எந்த வகை, எதுக்காகப் போட்டாங்க, பின்னாடி இருக்கிற ஸ்டட்ட, அதாவது வீல் நட்டு ஏறுற மரை போட்ட கம்பிய, என்ன பண்ணி வெச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுக்கணும். அது தெரியுற வரைக்கும் கேரட் மூட்டை ஏத்திட்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்காதீங்க, இத நான் கெஞ்சிக் கேட்டுக்கிறேன்.

வீல கழட்டாமலே கண்டுபிடிக்க வழி இருக்கு. வண்டிய பின்னாடி இருந்து தூரமா நின்னு பாருங்க, டயர் மட்கார்டு விளிம்பத் தாண்டி வெளிய நிக்குதா? பின்னாடி மட்டும் இல்ல முன்னாடி மட்டும் வெளிய நின்னா சந்தேகம் இன்னும் ஜாஸ்தி. அப்புறம் டார்ச் எடுத்து ரிம்ல இருக்கிற ஓட்டை வழியா உள்ள அடிச்சுப் பாருங்க, ட்ரம் முகத்துக்கும் ரிம்முக்கும் நடுவுல வெள்ளையாவோ கருப்பாவோ ஒரு பட்டை தெரிஞ்சா அதுதான். ஒரு சக்கரத்துல பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க, நாலையும் பாருங்க, ஏன்னா இடது பக்கம் ஒரு கனம் வலது பக்கம் வேற கனம்னு போட்டு வெச்ச வண்டியும் உண்டு.

ஸ்பேசர்ல ரெண்டு ஜாதி. ஒண்ணு வெறும் தட்டு, நடுவுல ஓட்டை, சுத்தி ஸ்டட் போற ஓட்டைங்க, அவ்வளவுதான். வண்டியோட சொந்த ஸ்டட் மேல சொருகி அதுக்கு மேல ரிம்ம வெச்சு நட்டு போட்ருவாங்க. பொதுவா 3 மி.மீ.ல இருந்து 10 மி.மீ. வரைக்கும் கனம் இருக்கும். இன்னொண்ணு கனமானது, 25, 30, சில சமயம் 50 மி.மீ. கூட வரும், அதுல அதுக்குன்னு தனி ஸ்டட் இருக்கும். முதல்ல ஸ்பேசர வண்டி ஸ்டட்ல நட்டு போட்டு இறுக்கிட்டு, அப்புறம் ஸ்பேசர் ஸ்டட்ல ரிம்ம மாட்டணும். அதாவது ஒரு சக்கரத்துக்கு ரெண்டு செட் நட்டு, வெளிய தெரியுறது ஒரு செட்தான், உள்ள இருக்கிற செட் லூசா டைட்டான்னு வீல கழட்டாம தெரியவே தெரியாது.

பாக்க சின்னதா இருக்கிற அந்த வெறும் தட்டுலதான் எனக்கு பயம் அதிகம். காரணம் சொல்றேன். நட்டு ஸ்டட்டுல எவ்வளவு தூரம் ஏறணும்னு ஒரு கணக்கு இருக்கு, குறைஞ்சது ஸ்டட்டோட விட்டம் அளவுக்காவது மரை பிடிக்கணும். 12 மி.மீ. ஸ்டட், 1.5 பிட்ச் மரைன்னா ஒரு சுத்துக்கு 1.5 மி.மீ. ஏறும், அப்போ 8 சுத்து பிடிக்கணும். 14 மி.மீ. ஸ்டட்டா இருந்தா ஒம்பது சுத்துக்கு மேல. இதுல 5 மி.மீ. தட்டு சொருகினா மூணு சுத்துக்கு மேல காணாமப் போயிரும். வீல கழட்டி மாட்டும்போது நட்ட கையால சுத்தி எண்ணிப் பாருங்க, மரை பிடிச்சதுல இருந்து உக்காருற வரைக்கும் எத்தனை சுத்துன்னு. நாலு, அஞ்சு சுத்துல உக்காந்துச்சுன்னா அந்த வண்டிய அங்கயே நிறுத்துங்க. லோடோட கொண்டை ஊசி வளைவுல திரும்பும்போது வெளிப்பக்க சக்கரத்து மேல மொத்த பாரமும் சாயுது, அப்போ அந்த நாலு மரைதான் சக்கரத்த பிடிச்சிட்டு இருக்கு.

எதுக்குப் போட்ருப்பாங்கன்னு யோசிங்க, இது கழட்டுறதுக்கு முன்னாடி யோசிக்க வேண்டிய விஷயம். சில பேர் கெத்துக்காகப் போடுறாங்க, அப்படின்னா பிரச்சனை இல்ல, கழட்டிரலாம். சில பேர் லோடு ஏத்துனா வண்டி ஆடாம நிக்கும்னு நம்பிப் போடுறாங்க. சில வண்டில பெரிய டயர் போட்டு அது உள்பக்கம் பட்டை ஸ்பிரிங்லயோ ஸ்டியரிங் ராடுலயோ உரசுனதால தள்ளி வெச்சிருப்பாங்க. இன்னும் சில வண்டில ரிம்மே வேற வண்டியோடது, ஆஃப்செட், அதாவது ரிம் எவ்வளவு உள்ள தள்ளி உக்காருதுங்கிற அளவு, ஒத்து வராம ரிம் போய் பிரேக் கேலிப்பர்ல இடிக்கும், அதுக்காக தட்டு போட்ருப்பாங்க. இந்த கடைசி ரெண்டு கேஸ்ல ஸ்பேசர மட்டும் எடுத்துட்டா டயர் உரசும், இல்ல ரிம் சுத்தவே சுத்தாது. அங்க பிரச்சனை ஸ்பேசர் இல்ல, ரிம்மும் டயரும். கம்பெனி சைஸ் ரிம், கம்பெனி சைஸ் டயருக்கு திரும்பினாதான் தீரும், செலவுதான், ஆனா வேற வழி இல்ல. டயர் சைடுல இருக்கிற நம்பர வண்டி மேனுவல்ல இருக்கிற நம்பரோட ஒப்பிட்டுப் பாருங்க, அதுலயே பாதி கதை தெரிஞ்சிரும்.

லோடுக்கு நல்லதுன்னு சொல்றாங்களே, அது உண்மையான்னு கேப்பீங்க. 30 மி.மீ. ஸ்பேசர் ரெண்டு பக்கமும் போட்டா சக்கரத்துக்கு சக்கரம் அகலம் 60 மி.மீ. கூடுது, அதனால சாயுறது கொஞ்சம் குறையும், அது வரைக்கும் சரிதான். ஆனா என்ன விலை குடுக்கிறோம்னு பாருங்க. ஒரு சக்கரத்து மேல 700 கிலோ உக்காந்திருக்குன்னு வைங்க, அத 30 மி.மீ. வெளிய தள்ளினா சக்கரம் மாட்டுற ஹப்பு மேல கூடுதலா 21 கிலோகிராம்-மீட்டர் (700 கிலோவ 0.03 மீட்டரால பெருக்கினது) வளைக்கிற விசை வருது. இது வண்டி சும்மா நிக்கும்போதே. குழில விழுந்தா, வளைவுல சாஞ்சா இன்னும் பல மடங்கு. கம்பெனி பேரிங் போடும்போது சக்கரத்தோட பாரம் ரெண்டு பேரிங்குக்கும் பங்கு போகிற மாதிரி கணக்குப் பண்ணித்தான் ரிம் ஆஃப்செட்ட வெச்சிருக்காங்க, ஸ்பேசர் போட்டா பாரம் வெளிப் பேரிங் பக்கம் நகருது. முன் சக்கரத்துல போட்டா ஸ்டியரிங் கனமாகும், ஒரு பக்க சக்கரம் குழில இறங்கினா ஸ்டியரிங் கைய உதறிட்டு இழுக்கும். கல்லட்டி ரோட்டுல 36 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுலயும் ஸ்டியரிங்க கடைசி வரைக்கும் ஒடிக்கிறோம், அங்க இதெல்லாம் சின்ன விஷயம் கிடையாது.

சூடு இன்னொரு விஷயம், சமவெளில ஓட்டுறவங்களுக்கு இது அவ்வளவா உறைக்காது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம்தான். அம்பது கிலோமீட்டர் சொச்ச தூரத்துல அவ்வளவு உயரத்தையும் கியர்லயும் பிரேக்லயும் பிடிச்சு இறங்குறோம். ட்ரம் சூடு நேரா ஸ்பேசருக்குப் போகுது. அலுமினியம் இரும்ப விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும், அதனால சூடாகி ஆறி, சூடாகி ஆறி நட்டோட பிடி மாறிக்கிட்டே இருக்கும். ஸ்பேசர் முகத்துல பெயின்ட் வேற அடிச்சிருந்தா அது நசுங்கி நசுங்கி நட்டு தானா தளரும். இது போக மழை. ஜூன்ல தென்மேற்கு பிடிச்சா ஐப்பசி கார்த்திகை வரைக்கும் ரோடு ஈரம்தான், கழுவுன கேரட்டுல இருந்து ஒழுகுற தண்ணி வேற. அலுமினியமும் இரும்பும் ஒண்ணா ஈரத்துல கிடந்தா வெள்ளைப் பொடி பூத்து ரெண்டும் ஒட்டிக்கும்.

சரி, கழட்டுற வேலைக்கு வருவோம். முதல்ல சமதரை. நம்ம ஊர்ல அதுதான் கஷ்டம், ஆனா சரிவுல ஜாக்கி போடவே கூடாது. லாரி ஷெட்டு, பஞ்சர் கடை முன்னாடி காங்கிரீட் போட்ட இடம், எங்கயாவது போங்க. லோடு காலியா இருக்கணும். ஹேண்ட் பிரேக் போட்டு, கியர்ல விட்டு, எதிர் மூலை சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கட்டை குடுங்க. பின் சக்கரத்த தூக்கினா ஹேண்ட் பிரேக்க நம்பாதீங்க, நிறைய வண்டில அது பின் சக்கரத்துலதான் பிடிக்குது. வீல் தரைல இருக்கும்போதே நட்ட கால் சுத்து தளர்த்திட்டு அப்புறம் தூக்குங்க. தூக்கின உடனே ஆக்ஸிலுக்கு அடில ஸ்டாண்டு குடுங்க, வெறும் ஜாக்கிய நம்பி கைய உள்ள விடாதீங்க.

ரிம் வந்ததும் ஸ்பேசர் தெரியும். கனமான வகைன்னா உள் நட்ட கழட்டுங்க, அந்த நட்டு சின்னதா பள்ளத்துக்குள்ள உக்காந்திருக்கும், மெல்லிசு சுவர் சாக்கெட் இருந்தாதான் நுழையும், வண்டியோட வந்த வீல் ஸ்பேனர் போகாது. இதுவே ஒரு பாடம்: நடு வழில, பர்லியார் பக்கம் எங்கயோ உள் நட்டு லூசானா உங்ககிட்ட இருக்கிற ஸ்பேனரால ஒண்ணும் பண்ண முடியாது. நட்டு வந்தும் ஸ்பேசர் வரலைன்னா ஒட்டிருக்குன்னு அர்த்தம். சுத்தியல், உளி வெச்சு நெம்பாதீங்க, ஹப் முகம் வெட்டுப்பட்டா அப்புறம் எந்த ரிம்மும் சமமா உக்காராது. துரு விடுற ஆயில நடு விளிம்புல லேசா விட்டு, பிரேக் மேல படாம துணி வெச்சு மறைச்சுட்டு, கொஞ்ச நேரம் ஊற விட்டு, மரக்கட்டை வெச்சு சுத்திச் சுத்தி தட்டுங்க. பிடிவாதமா நின்னா விடிய விடிய ஊற விடலாம், அவசரப்பட வேண்டாம்.

இனிமேதான் கண்ண நல்லா திறந்து பாக்கணும். கழட்டுன ஸ்பேசர்ல ஓட்டை வட்டமா இருக்கா, முட்டை மாதிரி நீண்டிருக்கா? ஓட்டைல இருந்து விளிம்புக்கு முடி மாதிரி கீறல் ஓடுதா? நட்டு இடத்துல இருந்து துருக் கோடு வெளிய இழுத்த மாதிரி இருந்தா அந்த நட்டு லூசா இருந்து ஆடிருக்குன்னு அர்த்தம். சந்தேகம்னா கீறல் பாக்குற ஸ்ப்ரே கிடைக்கும், சிவப்ப அடிச்சு துடைச்சுட்டு வெள்ளைய அடிச்சா கீறல் இருக்கிற இடத்துல சிவப்புக் கோடு எழும்பி வரும். ஸ்பேசர தூக்கிப் போடத்தான் போறீங்க, ஆனாலும் இதப் பாருங்க, ஏன்னா ஸ்பேசர் ஆடிருந்தா ஸ்டட்டும் அடி வாங்கிருக்கும்.

ஸ்டட்ல மூணு விஷயம். ஒண்ணு, வெட்டிருக்காங்களா? கனமான ஸ்பேசர் போடும்போது வண்டி ஸ்டட் ஸ்பேசர் முகத்த தாண்டி வெளிய நீட்டுனா ரிம்முல இடிக்கும், அதுக்காக கிரைண்டர் வெச்சு வெட்டி விட்ருப்பாங்க. அப்படி வெட்டுன ஸ்டட்ல ரிம்ம நேரா மாட்டினா மரை போதாது. வெளிய பாத்தா நட்டு இறுகின மாதிரிதான் இருக்கும், உள்ள நாலு மரை. சும்மா கழட்டிப் போட்டு ஓட்டுறது ஆபத்துன்னு முதல்லயே சொன்னதுக்கு பெரிய காரணம் இதுதான். ரெண்டு, இதுக்கு நேர் எதிரா, வெறும் தட்டு போடுறதுக்காக நீள ஸ்டட் மாத்திருக்காங்களா? அப்படி இருந்து, தலை மூடுன நட்டு போட்டா ஸ்டட் முனை நட்டோட உள் தலைல போய் முட்டி நின்னுரும், கைக்கு டைட்டா தெரியும், ரிம் மட்டும் இறுகிருக்காது. மூணு, மரை சிதைஞ்சிருக்கா, கழுத்துல மெலிஞ்சிருக்கா. இதுல எது இருந்தாலும் அந்த ஹப்ல இருக்கிற எல்லா ஸ்டட்டையும் மாத்துங்க, ஒண்ணு மட்டும் மாத்தாதீங்க, ஒண்ணு சரியா பிடிக்காதப்ப பக்கத்துல இருந்ததெல்லாம் அதோட சுமையையும் சேத்து இழுத்திருக்கும். ஸ்டட் பின்னாடி இருந்து பல்லு வெச்சு இறுக்கமா உக்காந்திருக்கும், பிரஸ்ல தள்ளி மாத்துறதுதான் நல்லது. கம்பெனி ஸ்டட் வாங்குங்க. லேத்ல கடைஞ்சு தர்றேன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லிருங்க, ஸ்டட்டுக்கு வர்ற இரும்பும் அதோட பதமும் வேற.

சக்கரம் தொங்கும்போதே பேரிங்கையும் பாத்துருங்க. ரிம்ம திரும்ப மாட்டி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க, ஆட்டம் இருந்தா பேரிங், முன்னாடின்னா பால் ஜாயின்ட்டும் இருக்கலாம். முன் சக்கரத்த இடமும் வலமும் பிடிச்சு ஆட்டினா ஸ்டியரிங் ராடு முனைல தேய்மானம் தெரியும். சுத்தி விட்டு காது குடுங்க, கரகரன்னு சத்தம் வந்தா கிரீஸ் மாத்தி ஓட்டலாம்னு நினைக்காதீங்க, பேரிங்கயே மாத்துங்க.

திரும்ப மாட்டுறதுக்கு முன்னாடி ஹப் முகத்தையும் ரிம் உள் முகத்தையும் கம்பி பிரஷ் போட்டு வெறும் உலோகம் தெரியுற வரைக்கும் தேய்ங்க. கிரீஸ், பெயின்ட் எதுவும் அந்த முகத்துல வேண்டாம். ஸ்டட் மரையும் சுத்தமா காஞ்சு இருக்கணும், எண்ணெய் போட்டா அதே இறுக்கத்துக்கு ஸ்டட் அதிகமா இழுபடும். நட்டு வகைய கண்டிப்பா பாருங்க: இரும்பு ரிம்முக்கு பெரும்பாலும் டேப்பர் நட்டு (முனை கூம்பா இருக்கிறது), சில அலாய் ரிம்முக்கு தட்டை வாஷர் நட்டு. மாத்திப் போட்டா உக்காராது. ஸ்பேசர்ல இருந்த ஸ்டட் வேற மரையா இருந்திருந்தா அந்த நட்டு வண்டி ஸ்டட்டுக்கு ஏறாது, ஏறுற மாதிரி வந்து பாதில இறுகினா அங்கயே நிறுத்துங்க.

எல்லா நட்டையும் கையால முதல்ல கடைசி வரைக்கும் சுத்துங்க, அப்புறம் எதிர் எதிரா, நட்சத்திரம் வரையுற மாதிரி இறுக்குங்க. கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்ச்ல (எவ்வளவு இறுக்குறோம்னு அளவு காட்டுற ஸ்பேனர்), மேனுவல்ல போட்டிருக்கிற அளவுக்கு. 12 மி.மீ. ஸ்டட்டுக்கு பல வண்டில 100ல இருந்து 120 நியூட்டன்-மீட்டர் வரும், உங்க வண்டிக்கு மேனுவல் சொல்றதுதான் கணக்கு. ஸ்பேனர்ல பைப் சொருகி மேல ஏறி நிக்கிற பழக்கத்த விட்ருங்க, 60 கிலோ ஆள் அரை மீட்டர் பைப் முனைல நின்னா கிட்டத்தட்ட 300 நியூட்டன்-மீட்டர், ஸ்டட் நீண்டு போயிரும், அப்புறம் ஒரு நாள் வளைவுல ஒடியும்.

கீழ இறக்குன பிறகு ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் ஒடிச்சு டயர் எங்கயும் தொடலயான்னு பாருங்க, காலியா ஒரு தடவை, கொஞ்சம் லோடு வெச்சு ஒரு தடவை. உள் பக்கம் பட்டை ஸ்பிரிங்குக்கும் டயருக்கும் விரல் நுழையுற இடைவெளியாவது வேணும். ஸ்டெப்னியையும் மறக்காதீங்க, ஒரு தடவை மாட்டிப் பாத்து அதே நட்டு, அதே ஸ்பேனர் சேருதான்னு வீட்டு வாசல்லயே தெரிஞ்சுக்கங்க.

சட்டம் பத்தி சுருக்கமா. மோட்டார் வாகனச் சட்டம் 1988ல 52ஆவது பிரிவு, கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுன்னு சொல்லுது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதிப்படுத்துச்சு. அதே வருஷ திருத்தத்துல வந்த 182ஏ பிரிவுப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் சிறை. சரக்கு வண்டிக்கு எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவையும் அதுக்கு மேல வருஷா வருஷமும் எஃப்சி காட்டணும், டயர் மட்கார்டத் தாண்டி நின்னா அங்க கேள்வி வரும். விபத்துன்னு ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரங்க சொல்லாம பண்ணுன மாற்றத்தக் காட்டி கிளெய்ம்ல தகராறு பண்ண இடம் இருக்கு. போட்டது பழைய ஓனர்தான், ஆனா ஆர்சில இப்ப உங்க பேருதான் இருக்கு.

ஸ்டட் வர நாலு நாள் ஆகும், கம்பெனி ரிம் கிடைக்க லேட் ஆகும், அதுவரைக்கும் என்ன பண்றது? வண்டிய நிறுத்தி வைங்கன்னுதான் சொல்வேன். ஒர்க்‌ஷாப் வரைக்கும் கொண்டு போயே ஆகணும்னா காலியா, மெதுவா, உள் நட்டு வெளி நட்டு ரெண்டையும் டார்க் ரெஞ்ச்ல இறுக்கிட்டு, பகல்ல போங்க. வெறும் தட்டு வகையா இருந்து மரை மேல சொன்ன அளவுக்கு (12 மி.மீ. ஸ்டட்டுக்கு எட்டு சுத்து, 14க்கு ஒம்பதுக்கு மேல) பிடிக்கலைன்னா அதுவும் வேண்டாம், ரெக்கவரி வண்டில ஏத்திக்கங்க.

வண்டி இன்னும் வாங்கலை, பாத்துட்டுதான் இருக்கீங்கன்னா பேரம் பேச இது நல்ல இடம். கழட்டித் தாங்கன்னு கேக்காதீங்க, அவரு எப்படிக் கழட்டுவாருன்னு நமக்குத் தெரியாது. உங்க மெக்கானிக் முன்னாடி வீல கழட்டிப் பாக்க விடுவீங்களான்னு கேளுங்க, விட்டா ஸ்டட், பேரிங், ரிம் மாத்துற செலவக் கணக்குப் போட்டு விலைல குறைக்கச் சொல்லுங்க, விடலைன்னா வேற வண்டி பாருங்க.

எல்லாம் மாட்டி முடிச்ச பிறகு ஒவ்வொரு நட்டுக்கும் ரிம்முக்கும் சேத்து ஒரே கோடா பெயின்ட் மார்க் போட்டு வைங்க. 50ல இருந்து 100 கிலோமீட்டருக்குள்ள ஒரு தடவை டார்க் ரெஞ்ச் போட்டுப் பாருங்க, முதல் லோடு கீழ இறக்கிட்டு பிரேக் நல்லா ஆறின பிறகு இன்னொரு தடவை. அதுக்கப்புறம் காலைல வண்டி எடுக்கும்போது சுத்தி வந்து கோடு விலகிருக்கான்னு பாத்தா போதும்.